கிளட்ச் எதற்கு?

தாராவியில் தோல் பை தைக்கிறார்கள். கும்பர்வாடாவில் மண்பானை செய்கிறார்கள். பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கிறார்கள். இந்தச் சரக்கை வெளியே கொண்டு போவது டெம்போ. அது மாட்டுங்காவுக்குப் போகும். செம்பூருக்கும் போகும். சயான் நெரிசலில் மாட்டிக்கொண்டால் பத்தடி நகரும். மறுபடி நிற்கும். கிளட்ச்சை மிதித்து மிதித்து ஓட்டுநரின் இடது கால் ஓய்ந்து போகும்.

பழைய டீசல் டெம்போவை மின்சாரத்தில் ஓடும்படி மாற்ற முடியும். என்ஜினை எடுத்துவிடுவார்கள். டீசல் டேங்கையும் புகைக் குழாயையும் எடுத்துவிடுவார்கள். அங்கே மின் மோட்டாரும் பேட்டரிகளும் வரும். சில வண்டிகளில் பழைய கியர் பெட்டியும் கிளட்ச்சும் அப்படியே இருக்கும்.

ஓட்டுநர் ஏறி உட்கார்ந்து பார்க்கிறார். கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் மூன்றும் அதே இடத்தில் இருக்கின்றன. ஆனால் கிளட்ச்சின் வேலை மாறிவிட்டது. இது தெரியாமல் பழைய பழக்கத்தில் ஓட்டினால் மோட்டார் கெடும். உயிருக்கும் ஆபத்து வரலாம்.

கிளட்ச் எப்படி வேலை செய்கிறது?

இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு கையை அசைத்தால் மற்றதும் சேர்ந்து அசையும். அழுத்தத்தைத் தளர்த்துங்கள். இப்போது ஒரு கை மட்டும் தேய்ந்து நகரும். உள்ளங்கை சூடாகும்.

கிளட்ச்சும் இப்படித்தான். ஒரு பக்கம் என்ஜின் சுற்றும். மறுபக்கம் கியர் பெட்டி இருக்கும். நடுவில் கிளட்ச் பிளேட். கால் எடுத்திருக்கும்போது இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும். மிதித்தால் பிரிந்துவிடும். பாதி மிதித்தால் பிளேட் தேய்ந்து சூடாகும். இதைத்தான் 'ஆஃப் கிளட்ச்' என்கிறார்கள்.

டீசல் என்ஜினுக்குக் கிளட்ச் ஏன் வேண்டும்?

டீசல் என்ஜின் மிக மெதுவாகச் சுற்ற முடியாது. வண்டி நிற்கும்போதும் அது நிமிடத்துக்குச் சில நூறு சுற்று சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வேகம் அதற்குக் கீழே போனால் அணைந்துவிடும். ஆனால் சக்கரம் நின்றுகொண்டிருக்கிறது. சுற்றும் என்ஜினை நிற்கும் சக்கரத்தோடு மெல்ல மெல்லச் சேர்க்க வேண்டும். அதற்குத்தான் ஆஃப் கிளட்ச்.

மின் மோட்டாருக்கு இந்தத் தொல்லை இல்லை. மின்விசிறியைப் பாருங்கள். நின்ற நிலையிலிருந்து தானே சுற்றத் தொடங்குகிறது. டெம்போவின் மோட்டாரும் அப்படியே. நின்ற இடத்திலிருந்தே முழு பலத்தோடு இழுக்கும்.

மும்பை மக்களுக்கு இது புதிதல்ல. இங்கே 1907-இல் மின்சார டிராம் வந்தது. 1964 வரை ஓடியது. 'தாதர் டி.டி.' என்ற பெயரில் உள்ள 'டி.டி.' டிராம் கடைசி நிறுத்தத்தைக் குறிப்பது. 1925-இல் இந்தியாவின் முதல் மின்சார ரயில் மும்பை வி.டி.யிலிருந்து குர்லாவுக்கு ஓடியது. அந்த டிராமிலும் கிளட்ச் மிதி இல்லை. ரயிலிலும் இல்லை.

டீசல் வண்டியை மாற்றி அமைப்பதும் புதிதல்ல. நேபாளத்தின் காட்மாண்டு நகரில் 1993-இல் டீசல் மூன்று சக்கர டெம்போவை மின்சாரத்துக்கு மாற்றி ஓட்டினார்கள். அதிலிருந்து வந்தவைதான் 'சஃபா டெம்போ'. சஃபா என்றால் சுத்தம். பெண்கள் பலர் இதை ஓட்டிப் பிழைக்கிறார்கள்.

அப்படியானால் கிளட்ச்சை ஏன் வைத்திருக்கிறார்கள்?

கியர் மாற்றுவதற்காக. கியர் மாற்றும்போது பற்சக்கரங்களின் வேகம் ஒத்துப் போக வேண்டும். மோட்டாரின் உள்ளே சுற்றும் பகுதி கனமானது. அது சேர்ந்தே இருந்தால் கியர் எளிதில் விழாது. கிளட்ச்சை மிதித்தால் அந்தக் கனம் விலகும். கியர் சுலபமாக விழும்.

கிளம்புவது எப்படி?

முதலில் கை பிரேக் போட்டிருக்க வேண்டும். ஆக்சிலேட்டரில் கால் இருக்கக் கூடாது. சாவியைத் திருப்ப வேண்டும். சத்தம் எதுவும் வராது. ஆனாலும் வண்டி தயாராகிவிட்டது என்று பொருள்.

கிளட்ச்சை மிதித்துக் கியர் போட வேண்டும். சமதரையில் இரண்டாவது கியரே பல வண்டிகளுக்குப் போதும். பாரம் அதிகம் என்றாலோ, மேடு என்றாலோ முதல் கியர். கியர் விழவில்லை என்றால் பலமாக அடிக்க வேண்டாம். வேறு கியரைப் போட்டு எடுத்துவிட்டு மறுபடி முயல வேண்டும்.

பிறகு கிளட்ச்சிலிருந்து காலை முழுதும் எடுத்துவிட வேண்டும். வண்டி நகராது. அணையவும் செய்யாது. கை பிரேக்கை விட்டு ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்தினால் வண்டி நகரும். ஆஃப் கிளட்ச் தேவையே இல்லை.

தாராவிச் சந்துகளில் குழந்தைகள் விளையாடுவார்கள். டீசல் வண்டியின் சத்தம் கேட்டு ஒதுங்கிப் பழகியவர்கள். இந்த வண்டி வருவது அவர்கள் காதில் விழாது. கிளம்பும் முன் முன்னும் பின்னும் பார்க்க வேண்டும்.

ஓடும்போது கியர் மாற்றுவது எப்படி?

முதலில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். அதன் பிறகே கிளட்ச்சை மிதிக்க வேண்டும். கியரை மாற்றி, கிளட்ச்சை நிதானமாக விட வேண்டும். கடைசியாக ஆக்சிலேட்டர். இந்த வரிசை மாறக் கூடாது.

வேகமாகப் போகும்போது கீழ் கியருக்கு வரக் கூடாது. சக்கரம் மோட்டாரை அளவுக்கு மீறிச் சுற்றிவிடும்.

பெரிய ஆபத்து எது?

கிளட்ச்சை மிதித்துக்கொண்டே ஆக்சிலேட்டரையும் மிதிப்பதுதான். டீசல் வண்டியில் அப்படிச் செய்தால் என்ஜின் உறுமும். அவ்வளவுதான். மின் மோட்டார் அப்படியல்ல. பாரம் இல்லாத மோட்டார் நொடியில் வேகம் பிடித்துவிடும். பழைய வகை டி.சி. சீரீஸ் மோட்டார் என்றால் வேகம் ஏறிக்கொண்டே போகும். உள்ளே சுற்றும் பகுதி சிதறிப் போகலாம். நியூட்ரலில் ஆக்சிலேட்டரை மிதித்தாலும் இதே ஆபத்துதான்.

மோட்டாரின் வேகத்துக்கு எல்லை வைக்கும் வசதி கண்ட்ரோலரில் இருக்கிறதா? வண்டியை வாங்கும் முன் மெக்கானிக்கிடம் இதைக் கேட்க வேண்டும்.

நிற்பதும் நிறுத்துவதும்

சிக்னலில் நிற்கக் கிளட்ச் தேவையில்லை. ஆக்சிலேட்டரை விட்டு பிரேக்கை மிதித்தால் போதும். வண்டியோடு மோட்டாரும் நிற்கும். கியரை எடுக்க வேண்டியதில்லை.

மேம்பாலத்தின் ஏற்றத்தில் நெரிசல் என்று வைத்துக்கொள்வோம். வண்டி பின்னால் உருளாமல் இருக்கச் சிலர் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே நிற்பார்கள். அது தவறு. மோட்டார் சுற்றாது, ஆனால் மின்சாரம் பாய்ந்துகொண்டே இருக்கும். மோட்டாரும் கண்ட்ரோலரும் சூடாகிக் கெடும். கை பிரேக்தான் சரி.

டீசல் டெம்போவைக் கியரில் போட்டு நிறுத்தினால் என்ஜின் அதைப் பிடித்துக்கொள்ளும். மின் மோட்டார் அப்படிப் பிடிக்காது. கியரில் இருந்தாலும் வண்டி உருளும். எனவே கை பிரேக் கட்டாயம். சரிவில் சக்கரத்துக்குக் கட்டையும் வைக்க வேண்டும்.

புனே போகும் வழியில் கண்டாலா மலைப்பாதை இருக்கிறது. இப்படிப்பட்ட இறக்கத்தில் கிளட்ச்சை மிதிக்கவே கூடாது. சில வண்டிகளில் ஆக்சிலேட்டரை விட்டதும் மோட்டாரே வண்டியைத் தடுக்கும். அப்போது பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரமும் திரும்பும். கிளட்ச்சை மிதித்தால் இந்தத் தடுப்பு போய்விடும். பாரம் முழுவதும் பிரேக் மேல் விழும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டு வாசலில் மாற்றிவிட்டு அப்படியே சாலைக்குக் கொண்டு வர முடியாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றி அமைப்பது பற்றிச் சொல்கிறது. மின்சாரத்துக்கு மாற்ற, சோதித்து ஒப்புதல் பெற்ற கருவித் தொகுதியையே பயன்படுத்த வேண்டும். இப்படிச் சோதிக்கும் இடங்களில் ஒன்று புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. அனுமதி பெற்ற பட்டறையில்தான் அதைப் பொருத்த வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. புத்தகத்தில் மாற்றத்தைப் பதிய வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பதியாத வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீடு கிடைப்பது கடினம். குடும்பம் கடனில் விழும்.

கிளட்ச் பிளேட்டையும் பார்த்துவிட வேண்டும். மோட்டாரின் சத்தம் கூடுகிறது, வண்டியின் வேகம் கூடவில்லை, கருகிய வாசனை வருகிறது என்றால் பிளேட் வழுக்குகிறது. உடனே மாற்ற வேண்டும். பேட்டரியின் கனத்த கம்பிகளை மட்டும் ஓட்டுநர் தொடக் கூடாது. அந்த மின்சாரம் உயிரைப் பறிக்கும். அது பயிற்சி பெற்றவர் செய்யும் வேலை.

நினைவில் கொள்வோம்

1. கிளம்புவதற்குக் கிளட்ச் வேண்டாம். கியர் மாற்ற மட்டும் வேண்டும்.
2. கிளட்ச்சையும் ஆக்சிலேட்டரையும் ஒன்றாக மிதிக்கக் கூடாது.
3. ஏற்றத்தில் நிற்கக் கை பிரேக்.
4. இறக்கத்தில் கிளட்ச்சை மிதிக்கக் கூடாது.
5. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது கியரை நம்பக் கூடாது.

பல வருடப் பழக்கம் ஒரே நாளில் மாறாது. ஆளில்லாத திறந்த இடத்தில், சரக்கு ஏற்றாமல், சில நாள் ஓட்டிப் பழக வேண்டும். இடது கால் சும்மா இருக்கக் கற்றுக்கொண்ட பிறகு சரக்கு ஏற்றலாம்.