உடல் காட்டும் பதம்

மாணவ மாணவியரே! வீட்டில் இனிப்புச் செய்யும்போது, சர்க்கரைப் பாகில் ஒரு சொட்டை இரு விரல்களுக்கிடையே வைத்து இழுத்துப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். கம்பிபோல் நீண்டால் பதம் வந்துவிட்டது என்பார்கள். பெண்ணின் உடலிலும் இப்படிப் பதம் மாறும் ஒரு பொருள் உண்டு.

கருப்பையின் அடிப்பகுதி குறுகிய கழுத்துப் போன்றது. அங்கே சுரக்கும் வழவழப்பான பொருளைக் கோழை என்கிறோம். மியூசின் என்னும் நீண்ட மூலக்கூறுகள் நீரில் வலைபோல் பின்னிக் கிடப்பதே கோழை. சாதாரண நாட்களில் இது கெட்டியாக இருந்து விந்தணுக்களையும் கிருமிகளையும் தடுக்கிறது.

சூலகத்தில் முட்டை முதிரும்போது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் பெருகுகிறது. கோழையில் சுமார் 90 சதவீதமாக இருந்த நீர் 98 சதவீதம் வரை உயர்கிறது. அது முட்டை வெண்கருவைப்போலத் தெளிந்து, இழுத்தால் 8 முதல் 10 சென்டிமீட்டர் வரைகூட அறுபடாமல் நீளும். அதைக் கண்ணாடித் தகட்டில் உலரவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், உப்புப் படிகங்கள் பெரணி இலைபோல் கிளைத்திருக்கும்! முட்டை வெளிவந்தபின் புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் கூடுகிறது. கோழை மீண்டும் கெட்டியாகிறது. பெரணி வடிவமும் மறைகிறது.

இதனால் என்ன பயன்? வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணி நேரமே உயிர்வாழும். விந்தணுவோ நீர்த்த கோழையில் 5 நாட்கள் வரை வாழக்கூடும். ஆகவே கருவுற ஏற்ற நாட்கள் ஒரு மாதச் சுழற்சியில் ஏறத்தாழ 6 மட்டுமே. ‘பதினான்காம் நாள்’ என்ற கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது. குழந்தையை விரும்பும் தம்பதியர் கோழையின் பதத்தை நாள்தோறும் குறித்துவந்தால் அந்த நாட்களை ஓரளவு அறியலாம். மெல்பர்ன் நகர மருத்துவர் ஜான் பில்லிங்ஸ் 1953இல் இம்முறையை ஆராயத் தொடங்கினார். பின்னர் அவர் மனைவி மருத்துவர் ஈவ்லினும் இணைந்தார். சுவீடன் நாட்டு எரிக் ஓடப்லாட், இன்றைய எம்.ஆர்.ஐ. கருவிக்கு அடிப்படையான அணுக்கருக் காந்த ஒத்ததிர்வைக் கொண்டு கோழையை ஆராய்ந்தார். பார்த்தீர்களா, இங்கும் இயற்பியல்தான்!

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். பதம் வந்தது என்பது முட்டை வெளிவந்ததற்கு உறுதியான சான்றாகாது. ஓராண்டு முயன்றும் கருவுறாவிட்டால் கணவன், மனைவி இருவரும் மருத்துவரைக் காணவேண்டும். குறை ஆணிடமும் இருக்கலாம். பெண்ணை மட்டும் பழிப்பது அறிவியலுக்கு முரணானது.

மாணவியரே, இவ்வாறு மாதந்தோறும் வெளிப்படும் தெளிந்த கசிவைக் கண்டு, ‘உடல் உருகுகிறது’ என்று அஞ்சவேண்டா. அது நோயன்று, உடல் ஒழுங்காக இயங்குவதன் அடையாளம். துர்நாற்றம், அரிப்பு, நிறமாற்றம் இருந்தால் மட்டும் தயங்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். அறிந்துகொண்டால் அச்சம் விலகும் அல்லவா?