சொல்லடக்கமும் நம்பிக்கையும்: ஸ்டோயிக் சிந்தனை காட்டும் நெறி

தன்னடக்கம் என்றதும் உணவிலும் சினத்திலும் காக்க வேண்டிய அளவையே நாம் பெரிதும் எண்ணுகிறோம். சொல்லில் காக்கும் அளவு அதனினும் அரியது. கி.மு. 300 அளவில் ஏதென்சு நகரில் சீனோ தொடங்கிய ஸ்டோயிக் மரபு, இதனை அன்றாடப் பயிற்சியாகவே கொண்டது. அம்மரபின் நல்லாசிரியர் எபிக்டெட்டஸ். அடிமையாக வாழ்ந்து விடுதலை பெற்ற அவர், பேரரசன் டொமிஷியன் மெய்யியலாரை உரோமிலிருந்து வெளியேற்றியபின், கிரேக்க நாட்டு நிக்கோபோலிசில் பள்ளி நடத்தினார். மாணவர் அர்ரியன் எழுதிவைத்தமையால் அவருடைய உரைகள் நமக்குக் கிடைத்துள்ளன.

அவற்றுள் ஓர் உரை உரோமில் நிகழ்ந்துவந்த ஒரு சூழ்ச்சியைக் கூறுகிறது. படைவீரன் ஒருவன் பொதுமக்களின் உடையில் வந்து அருகில் அமர்வான். பேரரசனைப் பழிக்கத் தொடங்குவான். அவனே முதலில் பேசியதைப் பிணையாகக் கருதி, கேட்பவரும் தம் உள்ளத்தில் உள்ளதைக் கூறிவிடுவார். உடனே சிறைப்படுவார்.

ஒருவர் தம் மறைபொருளை நம்மிடம் கூறினால், நாமும் நம்முடையதைக் கூறக் கடன்பட்டோம் என்று எண்ணுவதே இங்குள்ள பிழை. எபிக்டெட்டஸ் இதனை ஓர் உவமையால் விளக்குகிறார். ஓட்டையில்லாத நம் சாடியை நம்பி ஒருவர் தம் மதுவை ஊற்றி வைக்கலாம். அதற்காக, ஓட்டையுள்ள அவர் சாடியில் நம் மதுவை ஊற்ற வேண்டுமா? நம்பிக்கை பண்டமாற்று அன்று. அது பண்பை நோக்கித் தரப்படுவது.

அப்பண்பை எவ்வாறு அறிவது? ஒருவர் எதனை உயர்வாக மதிக்கிறார் என்பதைக் கொண்டே அறியலாம் என்கிறார் அவர். பதவியையும் ஆதாயத்தையும் பெரிதெனக் கொள்பவர், அவற்றின்பொருட்டு நம் சொல்லையும் ஒருநாள் விலையாகக் கொடுத்துவிடக்கூடும்.

ஆகவே, சொல்லடக்கம் அச்சத்தால் வாய்மூடுதல் அன்று. எவரையும் நம்பாமையும் அன்று. எதை, எவரிடம், எப்போது சொல்வது என ஆராய்ந்து தெளியும் அறிவே அது. அர்ரியன் தொகுத்த கைந்நூலும், தேவையானதைச் சுருங்கச் சொல்லுமாறும், பிறரைப் பழித்தும் புகழ்ந்தும் ஒப்பிட்டும் பேசுவதைத் தவிர்க்குமாறும் அறிவுறுத்துகிறது.

இந்நெறி நமக்கும் உரியதே. ஆசிரியர் அறையில் ஒருவர் தொடங்கும் புறங்கூற்றும், புலனக் குழுவில் பரவும் செய்தியும், நம்மையும் ஒரு சொல் சேர்க்குமாறு அழைக்கின்றன. மாணவர் ஒருவர் தம் குடும்பத் துயரை ஆசிரியரிடம் நம்பிக் கூறும்போதோ, அதனைக் காப்பது ஆசிரியரின் கடமையாகிறது. பிறர் நம்பி ஒப்படைத்ததைக் காக்கும் ஓட்டையற்ற சாடியாக நாம் இருக்கிறோமா என்பதே, நாம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.