ஆயிரம் பேரில் எத்தனை பேர்?

மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கண் ஓடுவது தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும் எண்களைத் தேடித்தான். யூரிக் ஆசிட் கொஞ்சம் கூடுதல், பிளேட்லெட் கொஞ்சம் குறைவு, பெயர் தெரியாத ஏதோ ஒரு என்சைம் அளவு மீறி நிற்கிறது. அன்றிரவு வீட்டில் யாருக்கும் சரியாகத் தூக்கம் வராது. எண்ணுக்குப் பக்கத்திலேயே இயல்பு வரம்பும் அச்சிடப்பட்டிருக்கும்; அந்த வரம்பை எப்படி வகுத்தார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. பெரும்பாலான ரத்தப் பரிசோதனைகளில் நடப்பது இதுதான்: ஆரோக்கியமான பலரின் ரத்தத்தை அளந்து, கிடைத்த அளவுகளை வரிசைப்படுத்தி, நடுவிலுள்ள 95 சதவீதத்தை வரம்பாக வைத்துக்கொள்கிறார்கள். மேல் முனையில் இரண்டரை சதவீதமும் கீழ் முனையில் இரண்டரை சதவீதமும் வெளியே போகின்றன. ஆக, எந்த நோயும் இல்லாத 100 பேரில் 5 பேர் வரம்புக்கு வெளியே நிற்பார்கள் என்பது அந்த முறையிலேயே அடங்கியிருக்கிறது. பேக்கேஜில் இப்படி 20 பரிசோதனைகள் இருந்தால்? 0.95-ஐ 20 முறை பெருக்கினால் ஏறக்குறைய 0.36 வருகிறது. ஆரோக்கியமான 100 பேரில் 36 பேருக்குத்தான் எல்லாம் வரம்புக்குள் இருக்கும். மற்ற 64 பேருக்கும் ஏதேனும் ஓர் எண்ணாவது தடித்த எழுத்தில் வரும். இந்தக் கணக்கு ஒன்றோடொன்று தொடர்பில்லாத பரிசோதனைகளுக்கு. ஹீமோகுளோபினும் சிவப்பணு எண்ணிக்கையும் சேர்ந்தே ஏறி இறங்குபவை. சர்க்கரை, கொலஸ்ட்ரால் வரம்புகளை வேறு வகையில் நிர்ணயிக்கிறார்கள். அதனால் உண்மையான எண்ணிக்கை 64-இலிருந்து மாறும். ஆனாலும், நல்ல உடம்போடு போனவர்களில் பலர் கவலையோடு திரும்புவது இதனால்தான்.

ரிப்போர்ட்டில் தவறில்லை. பாதிச் செய்தியைத்தான் அது சொல்கிறது. எத்தனை பேரில் எத்தனை பேர் என்பதையும், அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதையும் சொல்லாத எந்தச் சதவீதத்தையும் வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாது. மருத்துவர்களும் ஆய்வகங்களும் நாளிதழ்களும் ஆபத்தைச் சதவீதத்தில் சொல்வதை விட்டு, ஆட்களின் எண்ணிக்கையில் சொல்லத் தொடங்க வேண்டும் என்பதே என் வாதம்.

படித்தவர்களுக்குச் சதவீதம் புரியும் என்ற நம்பிக்கை எவ்வளவு ஆட்டம் காண்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் காட்டியிருக்கிறார். 2007-இல் மகளிர் மருத்துவர்கள் 160 பேரிடம் அவர் ஒரு கணக்கைக் கொடுத்தார். ஒரு பகுதியில் மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்கள் 1 சதவீதம். நோய் இருந்தால் மேமோகிராம் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 90 சதவீதம். நோய் இல்லாதபோதும் இருப்பதாகக் காட்டும் வாய்ப்பு 9 சதவீதம். ஒரு பெண்ணுக்கு மேமோகிராம் பாசிட்டிவ் என்றால் அவருக்குப் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? நான்கு விடைகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். சரியாகச் சொன்னவர்கள் 21 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு விடையைத் தொட்டிருந்தால்கூட 25 சதவீதம் பேருக்குச் சரியாக வந்திருக்கும். பெரும்பாலானவர்கள் 81 அல்லது 90 சதவீதம் என்றார்கள். நாள்தோறும் பெண்களிடம் இந்த முடிவை எடுத்துச் சொல்கிறவர்கள் இவர்கள்.

இதே கணக்கை ஆட்களாக மாற்றிப் பார்ப்போம். 1,000 பெண்கள். அவர்களில் 10 பேருக்குப் புற்றுநோய். அந்த 10 பேரில் 9 பேருக்குப் பாசிட்டிவ் வரும். நோயில்லாத 990 பேரில் 89 பேருக்கும் பாசிட்டிவ் வரும். மொத்தம் பாசிட்டிவ் 98 பேர். அவர்களில் உண்மையில் நோயுள்ளவர்கள் 9 பேர். பத்தில் ஒருவர்தான். கணக்கை இப்படிப் போடக் கற்றுக்கொடுத்த பிறகு அதே மருத்துவர்களில் 87 சதவீதம் பேர் சரியான விடையைச் சொன்னார்கள். அவர்களுடைய மூளையில் குறையில்லை. கணக்கு அவர்கள் கைக்கு வந்த வடிவத்தில்தான் குறை.

வடிவம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனில் ஒரு வேதனையான சான்று உண்டு. சில புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்கட்டு ஏற்படும் ஆபத்து இரண்டு மடங்காகிறது என்று 1995 அக்டோபரில் அங்கே அதிகாரபூர்வ எச்சரிக்கை வெளியானது. 7,000 பேரில் ஒருவருக்கு இருந்தது 7,000 பேரில் இருவருக்கு என ஆகியிருந்தது. இரண்டு மடங்கு என்பது இதுதான். பயந்துபோன பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூடுதலாக நடந்த கருக்கலைப்புகள் சுமார் 13,000 என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. அந்த மாத்திரையைவிடக் கர்ப்பகாலத்தில்தான் ரத்தக்கட்டு ஆபத்து அதிகம் என்பது இன்னும் கொடுமை.

இப்படி எண்ணிக்கையாகச் சொன்னால் ஆபத்து சிறியதாகத் தெரியும், ஜனங்கள் பரிசோதனைக்கே வராமல் போய்விடுவார்கள் என்று பொது சுகாதாரத் துறையில் இருப்பவர்கள் அஞ்சலாம். அந்த அக்கறை உண்மையானது; ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அதே 1,000 பெண்களின் கணக்கில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நெகட்டிவ் வந்தவர்கள் 902 பேர். அவர்களில் நோயிருந்தும் தப்பவிடப்பட்டவர் ஒரே ஒருவர். நெகட்டிவ் வந்த பெண்ணுக்கு இதைவிட ஆறுதலான செய்தி கிடையாது. பாசிட்டிவ் வந்தவருக்கோ அடுத்த பரிசோதனையை ஏன் தள்ளிப்போடக் கூடாது, அது முடியும்வரை ஏன் இடிந்துபோகக் கூடாது என்ற இரண்டும் ஒன்றாகத் தெரியவருகிறது. அச்சத்தைக் காட்டி வரவழைத்த கூட்டம், ஒருமுறை தவறான பாசிட்டிவால் அலைக்கழிக்கப்பட்டால் அடுத்த முறை வருமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

வீடுகளில் அடிக்கடி காதில் விழும் மறுப்பு வேறு. “ஆயிரத்தில் ஒருத்தர், பத்தில் ஒருத்தர் எல்லாம் எனக்கு எதற்கு? எனக்கு வந்தால் நூறு சதவீதம்தானே?” இது சாதாரணக் கேள்வியில்லை, வலியிலிருந்து வருவது. வந்துவிட்டது என்று உறுதியான பிறகு அது முழு உண்மையும்கூட. ஆனால் முடிவெடுக்க வேண்டியிருப்பது அது தெரிவதற்கு முன்னால். அப்போது நம்மிடம் இருப்பது நம்மைப் போன்றவர்களின் கணக்கு மட்டுமே. நம்மைப் போன்றவர்கள் யார் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. மார்பில் கட்டி கையில் தட்டுப்படும் பெண்ணை, எந்த அறிகுறியும் இல்லாமல் முகாமுக்கு வந்தவரோடு சேர்த்து எண்ண முடியாது. கட்டியோடு வருபவர்களில் 30 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1,000 பேரில் 300 பேருக்கு நோய், 270 பேருக்குச் சரியான பாசிட்டிவ். நோயில்லாத 700 பேரில் 63 பேருக்குத் தவறான பாசிட்டிவ். இப்போது பாசிட்டிவ் வந்த 333 பேரில் 270 பேருக்கு நோய் உண்டு, அதாவது 81 சதவீதம். அதே இயந்திரம், அதே ரிப்போர்ட். ஒருவருக்குப் பத்தில் ஒன்று, இன்னொருவருக்குப் பத்தில் எட்டு. பத்தில் ஒன்றுதானே என்று கட்டியோடு வந்தவரை யாரேனும் சமாதானப்படுத்தினால் அது ஆபத்து.

அந்த 1 சதவீதம், 30 சதவீதம் எல்லாம் நம் ஊருக்கு எங்கே கிடைக்கும் என்று ஒரு மருத்துவர் கேட்கலாம். இதுதான் கனமான ஆட்சேபம். துல்லியமான எண் பல நோய்களுக்கு இல்லைதான். ஆனால் இங்கே தேவைப்படுவது ஆயிரத்தில் ஒன்றா, நூறில் ஒன்றா, பத்தில் மூன்றா என்ற அளவுக்கான தெளிவு மட்டுமே. சென்னையில் அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1980களின் தொடக்கத்திலிருந்தே மாநகரின் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பராமரித்துவருகிறது. எந்த வயதினருக்கு எந்தப் புற்றுநோய் எவ்வளவு வருகிறது என்பது அதில் இருக்கிறது. மேமோகிராம் ரிப்போர்ட்டின் அடியில், ‘உங்கள் வயதில், அறிகுறி இல்லாமல் பரிசோதனை செய்துகொண்டு பாசிட்டிவ் வந்த பெண்களில் இத்தனை பேருக்குத்தான் நோய் உறுதியானது’ என்று தமிழில் ஒரு வரி சேர்க்க அந்தப் பதிவேடும், ஆய்வகம் தன் பழைய முடிவுகளைத் திரும்பிப் பார்ப்பதும் போதும்.