கடிதங்களும் சம்பளச் சீட்டுகளும்: துணைவர் விசா குறித்து ஒரு வாசிப்பு

1

நண்பர் ஒருவரின் காதல் கடிதங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். கடிதங்கள் என்று பெயர்தானே ஒழியப் பெரும்பகுதி வாட்ஸ்அப் செய்திகள். வாசகர், பிரிட்டிஷ் விசா அதிகாரி. விமர்சனம் எழுதிவரும் எனக்கு இவ்வளவு அதிகாரம் கொண்ட வாசகர் இதுவரை வாய்த்ததில்லை.

நண்பர் மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். என்னைப் போலவே தமிழ் எம்.ஏ. துணைவியார் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிறு வயதில் அகதியாகப் போய், இப்போது லண்டனில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் மணிக்கூலிக்கு வேலை பார்ப்பவர். பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர். ஆரம்பத்தில் இருவரும் 'நீங்கள்' என்றே எழுதிக்கொள்கிறார்கள். ஒருநாள் நண்பர் 'நீ' என்று எழுதிவிடுகிறார். அன்று முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் காலை, 'நீ எண்டே சொல்லலாம், பரவாயில்லை' என்று வருகிறது. இந்த உறவு எங்கே திரும்பியது என்று கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். ஆனால் ஆங்கிலத்தில் நீயும் 'யூ'தான், நீங்களும் 'யூ'தான். 'என்னை யூ என்று கூப்பிடலாம்' என்று மொழிபெயர்த்தால் அதிகாரி என்ன நினைப்பார்? கடைசியில் அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டேன். மற்றப் பக்கங்களின் கீழே 'இது சரியான மொழிபெயர்ப்பு' என்று உறுதி கூறி, பெயர், தேதி, முகவரியோடு கையெழுத்துப் போட்டேன்.

உறவு 'உண்மையானதாகவும் நீடிப்பதாகவும்' இருக்க வேண்டும் என்கிறது விதி. அப்படியானால் இந்த விசா முறை சோதிப்பது உறவின் உண்மையையா? இல்லை என்பதே என் வாதம். சோதிக்கப்படுவது எப்போதும் வேறொன்று. அந்த வேறொன்று காலத்துக்குக் காலம் மாறிவந்திருக்கிறது.

2

1979 ஜனவரி. இந்தியாவிலிருந்து 35 வயது ஆசிரியை ஒருவர் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கினார். அங்கிருந்த ஒருவரைத் திருமணம் செய்துகொள்ள வந்தவர். மணப்பெண்ணாக வருபவருக்கு முன் அனுமதி வேண்டியதில்லை, மனைவியாக வருபவருக்கு வேண்டும் என்பது அன்றைய விதி. இவர் ஏற்கெனவே மணமானவரோ என்று சந்தேகித்த அதிகாரிகள் அதைக் கண்டறிய எடுத்துக்கொண்ட வழி கன்னித்தன்மைப் பரிசோதனை. செய்தவர் ஓர் ஆண் மருத்துவர். செய்தி பத்திரிகையில் வெளிவந்த பிறகே அது நிறுத்தப்பட்டது; ஆசிய, கறுப்பினப் பெண்களும் அதற்கெதிராகப் போராடினார்கள். ஆக, திருமணத்தின் உண்மை பெண்ணுடலில் தேடப்பட்டது.

1980இல் வேறொரு விதி வந்தது. பிரிட்டனில் வாழும் பெண்ணை மணந்து அங்கே போக விரும்பும் ஆண், குடியேறுவது தன் திருமணத்தின் 'முதன்மை நோக்கம்' அல்ல என்று காட்ட வேண்டும். 1983இல் அதை நிரூபிக்கும் பொறுப்பு முழுக்க விண்ணப்பதாரர் தலையில் ஏற்றப்பட்டது. இல்லாத ஒரு நோக்கத்தை இல்லை என்று எப்படி நிரூபிப்பது? 'உங்கள் வழக்கப்படி பெண்தானே மாப்பிள்ளை வீட்டுக்குப் போவாள், நீ ஏன் இங்கே வருகிறாய்' என்ற தர்க்கமும் கையாளப்பட்டது. நம் ஆணாதிக்க மரபே நமக்கு எதிரான சாட்சியாயிற்று. சோதனை உடலிலிருந்து மனத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டது. பாலுறவு பற்றி மௌனமாக்குவதைவிடப் பேசவைப்பதே நவீன அதிகாரத்தின் வேலை என்று ஃபூக்கோ 1976இல் எழுதியதை விசா நேர்காணல்களைப் பார்த்தவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள்.

1985இல் அப்துல்அஜீஸ், கபாலெஸ், பால்கண்டாலி என்னும் மூன்று பெண்கள் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஆண்கள் மனைவியரை அழைத்துக்கொள்வது எளிதாகவும் பெண்கள் கணவர்களை அழைத்துக்கொள்வது கடினமாகவும் இருப்பது பால் பாகுபாடு. வெற்றிதான். ஆனால் பிரிட்டிஷ் அரசு சமத்துவத்தைக் கொண்டுவந்த விதம் கவனிக்கத்தக்கது. கணவர்களுக்கு இருந்த தடையை நீக்கவில்லை. அதே தடையை மனைவியருக்கும் விரித்தது. உரிமை கேட்டுப் போனால் தடை பொதுவாக்கப்படும் என்ற பாடம் செயல்பாட்டாளர்களுக்கு மறக்கக்கூடாதது.

'முதன்மை நோக்க' விதி 1997இல் ஒழிக்கப்பட்டது. 2012 ஜூலையில் சம்பளம் வந்தது. துணைவரை அழைக்கும் பிரிட்டிஷ்காரர் ஆண்டுக்கு 18,600 பவுண்டு ஈட்ட வேண்டும். 2017இல் உச்ச நீதிமன்றம் குழந்தைகளின் நலனைப் போதுமான அளவு கருதவில்லை என்று விதிகளைக் குறை சொன்னது. ஆனால் வருமான வரம்பு கொள்கையளவில் சட்டப்படி செல்லும் என்றும் சொல்லிவிட்டது. 2024 ஏப்ரல் 11 முதல் வரம்பு 29,000 பவுண்டு. உடல், மனம், இப்போது கூலி.

3

சரி, நடைமுறைக்கு வருவோம். அழைப்பவர் சம்பளக்காரராக இருந்தால் வழக்கமான வழி இது: ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் வேலை செய்ததற்கான சம்பளச் சீட்டுகள், அந்தச் சம்பளம் வரவு வைக்கப்பட்டதைக் காட்டும் வங்கிக் கணக்கு, முதலாளியின் கடிதம். கடைசிச் சீட்டு விண்ணப்பத்துக்கு முந்தைய 28 நாளுக்குள் இருக்க வேண்டும். மணிக்கூலிக்காரருக்கு ஆறு மாதச் சராசரியைக் கொண்டு ஆண்டு வருமானம் கணக்கிடப்படும். இங்கே இருக்கும் துணைவரின் சம்பளம் கணக்கில் வராது. அங்கே போய் அவர் செய்யக்கூடிய வேலையும் வராது. சம்பளமே இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதானால் 88,500 பவுண்டு வேண்டும்.

இங்கிருந்து போகிறவருக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்று, தொடக்கநிலை ஆங்கிலத் தேர்வு. பட்டப்படிப்பை ஆங்கிலத்தில் படித்தவருக்குத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. தமிழ் எம்.ஏ.வை யார் ஆங்கிலத்தில் நடத்துகிறார்கள்? சங்க இலக்கியம் நடத்துகிற ஆள் தன் பெயர், ஊர், பிடித்த உணவு எல்லாம் சொல்லித் தேறிவந்தார். விசா கட்டணம் போக, மருத்துவச் சேவைக்கென்று ஒரு கட்டணம். 2024 பிப்ரவரியிலிருந்து ஆண்டுக்கு 1,035 பவுண்டு. முதல் விசா 33 மாதத்துக்கு என்றாலும் மூன்று ஆண்டுக்குச் சேர்த்து 3,105 பவுண்டு முன்கூட்டியே கட்ட வேண்டும்.

4

இனி இந்த இருவரின் கணக்கு. அவர் கிறிஸ்தவர், நண்பர் இந்துக் குடும்பம். எனவே 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு. இச்சட்டத்தில் இருவரும் நோட்டீஸ் கொடுத்து, அது அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டு, 30 நாள் காத்திருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். சாதி மீறுபவர்களுக்கு அந்தப் பலகை என்னவாகும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நேரில் சந்திக்க அந்தக் கோடையில் அவர் ஒருமுறை வந்துபோனதிலேயே சம்பள விடுப்பு தீர்ந்திருந்தது. இரண்டு முறை பறக்கப் பணம் இல்லை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் வந்து நோட்டீஸ் கொடுத்து, சம்பளமில்லா விடுப்பில் இங்கேயே தங்கி, ஜனவரி முதல் வாரத்தில் மணம் முடித்துப் போனார். பலகையில் இவர்கள் பெயர் தொங்கிக்கொண்டிருந்த அதே டிசம்பரில்தான் வரம்பை உயர்த்தப் போகிறோம் என்று பிரிட்டிஷ் அரசு அறிவித்தது.

அன்று அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10.42 பவுண்டு. வாரம் 40 மணி நேரம் என்றால் ஆண்டுக்குச் சுமார் 21,670. பழைய வரம்பான 18,600ஐத் தாண்டிவிடும். ஆனால் ஆறு மாதத்தில் ஒரு மாதச் சீட்டு காலி. மீதி ஐந்து மாதத்தை வைத்துச் சராசரி போட்டால் ஆண்டுக்கு 18,060. வரம்புக்கு 540 பவுண்டு குறைவு. டிசம்பர் நீங்கலாக ஆறு சீட்டுச் சேர ஜூன் ஆகும். அதற்குள் ஏப்ரல் 11 வந்துவிட்டது.

ஒரு நாட்டின் சட்டம் ஒரு மாதத்தை எடுத்துக்கொண்டது. இன்னொரு நாட்டின் சட்டம் அந்த மாதத்தை எண்ணிப் பார்த்தது. இருபக்கமும் யாரும் எதையும் விதிமீறிச் செய்யவில்லை என்பதுதான் பயங்கரம்.

2024 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி 11.44 ஆயிற்று. 40 மணி நேர வாரத்துக்கு ஆண்டு வருமானம் சுமார் 23,800. அதாவது, முழுநேரம் உழைப்பவருக்கு இதுதான் நியாயமான கூலி என்று எந்த அரசு நிர்ணயித்ததோ, அதே அரசு அந்தக் கூலிக்காரர் வெளிநாட்டுத் துணைவரோடு வாழப் போதாதவர் என்கிறது. மிச்சம் 5,200 பவுண்டுக்கு வாரம் ஏறத்தாழ 9 மணி நேரம் கூடுதலாக உழைக்க வேண்டும். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கடையில் சேர்ந்தார். அங்கேயும் ஆறு மாதச் சீட்டு சேரும்வரை பொறுக்க வேண்டியிருந்தது.

5

இத்தகைய உதவி கேட்டு நம்மிடம் பலர் வருவார்கள், எழுதத் தெரிந்தவர்கள் என்பதால். சில விஷயங்களைச் சொல்லிவைக்கிறேன். தேதி குறிப்பதற்கு முன் சம்பளச் சீட்டுகளைப் பாருங்கள். சம்பளமில்லா விடுப்பு எந்த ஆறு மாதத்துக்குள் விழுகிறது என்று கணக்குப் போடுங்கள். உரையாடல்களைக் கட்டுக்கட்டாக அனுப்ப வேண்டாம். மாதத்துக்கு ஓரிரண்டு, உறவின் காலம் முழுக்கப் பரவியிருந்தால் போதும். கூடவே, 30 நாள் பலகையை எதிர்ப்பதும் கூலி வரம்பை எதிர்ப்பதும் தனித்தனிப் போராட்டங்கள் என்று நினைக்காதீர்கள்.

அப்படி மாதவாரியாக அடுக்கும்போதுதான் நண்பர் கேட்டார்: "ஜூலைக்கு அப்புறம் மெசேஜ் ரொம்பக் குறைஞ்சு கெடக்கே, அவன் சந்தேகப்படுவானோ?" லண்டனுக்குப் போன் போட்டோம். அவர் சொன்னது: "அண்ணா, ஞாயிறிலதான் நாங்கள் ஆறுதலாக் கதைக்கிறனாங்கள். இப்ப ஞாயிறு வேலையெல்லே."

சேர்ந்து வாழ்வதற்காகப் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். பேச்சு குறைந்ததால் உறவு சந்தேகத்துக்குரியதாகிறது. நான் எந்த விளக்கமும் எழுதவில்லை. ஜூலைச் செய்திகளுக்குப் பக்கத்தில் ஜூலை மாதக் கடைச் சம்பளச் சீட்டை வைத்தேன்.

விசா 2025இல் வந்தது. நண்பர் போய்ச் சேர்ந்தார். 33 மாதம் கழித்து நீட்டிக்கும்போது மறுபடியும் கணக்குக் காட்ட வேண்டும். அப்போது அவருடைய கூலியும் சேர்த்துக்கொள்ளப்படும். அதுவரை ஞாயிற்றுக்கிழமை வேலையை விடத் தைரியம் வரவில்லை என்கிறார் துணைவியார்.