ஸ்பேனருக்கும் பிறந்த வருஷம் உண்டு

பழைய ஸ்பேனர், ராட்செட்டின் வயசை எப்படிக் கண்டுபிடிப்பது? துருவைப் பார்த்தா? துரு ஏற ஒரு மழைக்காலமே போதும். மேலே பதித்த காப்புரிமை எண் சொல்லாதா என்கிறீர்களா? அது அந்த வடிவமைப்பு பதிவான காலத்தைத்தான் சொல்லும். அதே எண்ணைப் பல வருஷம் பதித்துக்கொண்டே இருப்பார்கள். அமெரிக்காவில் 1920-இல் தொடங்கிய ஸ்னாப்-ஆன் கம்பெனியின் பழைய கருவிகளில் இதற்கு நல்ல விடை இருக்கிறது. கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில், கடுகளவில் ஒரு குறி. அந்தக் குறியையும் எழுத்தின் பாணியையும் சேர்த்துப் பார்த்தால், கருவி பிறந்த வருஷம் பிடிபடும்.

அதனால், பளபளப்பாக்குகிறேன் என்று கிரைண்டரில் பிடித்துவிடாதீர்கள். எண்ணெய் போட்டு, துணியால் பக்குவமாகத் துடையுங்கள். அந்தச் சின்னக் குறி தேய்ந்தால், கருவியின் வரலாறும் மதிப்பும் சேர்ந்தே தேய்ந்துவிடும்!