மட்டாஞ்சேரியின் வரலாற்றுச் சின்னங்களும் சொற்பொருட் சிக்கலும்

1. முன்னுரை

கொச்சியின் பழைய வணிகப் பகுதியாகிய மட்டாஞ்சேரி, மிளகு வாணிகத்தின் பொருட்டுப் பல நாட்டினரும் பல மொழியினரும் வந்து கூடிய இடமாகும். அங்குள்ள அரண்மனையும் யூதர் தொழுகைக்கூடமும் வரலாற்று நோக்கில் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. எனினும், அவற்றின் பெயர்களும் அவற்றோடு தொடர்புடைய செப்பேட்டின் சொற்களும் மொழிபெயர்ப்பாளர்க்குத் தோற்றுவிக்கும் சிக்கல்கள் தனியே நோக்கத்தக்கன. ஒரே வடிவுடைய சொல் மொழிக்கு மொழியும் காலத்துக்குக் காலமும் பொருள் வேறுபடுவதே இச்சிக்கல்களுக்கு அடிப்படையாகும்.

2. கட்டடப் பெயர்கள்

மட்டாஞ்சேரி அரண்மனையைப் போர்ச்சுக்கீசியர் ஏறத்தாழ 1555இல் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தனர். 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் அதனைப் புதுப்பித்தனர். ஆகவே, 'டச்சுக் கொட்டாரம்' என வழங்கும் பெயரின் முற்பகுதி கட்டியவரைச் சுட்டாமல் புதுப்பித்தவரைச் சுட்டுகிறது. பிற்பகுதியாகிய 'கொட்டாரம்' மலையாளத்தில் அரண்மனையைக் குறிக்க, தமிழ் அகராதிகள் அதற்குக் களஞ்சியம் என்னும் பொருளைத் தருகின்றன.

அரண்மனையை அடுத்து 1568இல் எழுப்பப்பட்ட தொழுகைக்கூடம் 'பரதேசி' என்னும் அடைமொழி பெற்றது. ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர் என்பதே இங்குப் பொருள். இன்றைய தமிழிலோ இச்சொல் இரந்து திரிபவரைக் குறிக்கும். சொல்லை அப்படியே எடுத்தாண்டால் தமிழ் வாசகர் முற்றிலும் பிறழ உணர்வர்.

3. செப்பேட்டுச் சொற்கள்

இத்தொழுகைக்கூடத்தில் பாதுகாக்கப்படும் செப்பேடு, ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூத வணிகன் ஜோசப் ரப்பானுக்கு 72 உரிமைகளை வழங்கியதைக் கூறுகிறது. வட்டெழுத்தில் கிரந்த எழுத்துகள் விரவ எழுதப்பட்ட இதன் மொழியைப் பழைய மலையாளம் என்பாரும், தமிழின் மேலைக்கரை வழக்கு என்பாரும் உளர். ரப்பானின் பெயர் இதில் 'இறப்பான்' எனத் தமிழ் ஒலிமரபுக்கேற்ப முதலில் இகரம் பெற்று வருகிறது.

பகல்விளக்கு, பாவாடை, குடை முதலியன அவ்வுரிமைகளுட் சில. இவற்றுள் பாவாடை என்பது பெண்டிர் உடையன்று. பெருமைக்குரியோர் நடந்துவரப் பாவிய, அதாவது பரப்பிய, ஆடையாகும். சுங்கத்தைக் குறிக்கும் 'உல்கு' என்னும் சொல்லும் அறிந்தோர்க்கன்றி இன்று விளங்காது.

4. அஞ்சுவண்ணம்

மேற்கூறியவற்றினும் பெருவிளைவு தந்தது 'அஞ்சுவண்ணம்' என்னும் சொல்லாகும். 19ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பாளர் சிலர் இதனை ஊராகவோ சிற்றரசாகவோ கொண்டனர். அதனால் ரப்பான் ஒரு குறுநில மன்னன் என்னும் கருத்து வலுப்பெற்றது. ஆனால், கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் (849) அஞ்சுவண்ணம் 'மணிக்கிராமம்' என்னும் வணிகக் குழுவோடு இணைந்து பள்ளியைக் காக்கும் பொறுப்பை ஏற்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்துத் தீர்த்தாண்டதானம் கல்வெட்டிலும் அது வணிகக் குழுக்களோடு சேர்த்தே குறிக்கப்படுகிறது. பொறுப்பேற்பது மக்கள் அமைப்பேயன்றி நிலப்பகுதியன்று. எனவே அஞ்சுவண்ணம் ஒரு வணிகக் குழு என்பதே இன்று ஏற்கப்படும் கருத்தாகும்.

5. முடிவுரை

ஒரு சொல்லின் பொருள் பிறழ்ந்தமையால் வணிகர் தலைவன் அரசனாகக் கருதப்பட்டான். ஆதலின் மரபுச்சின்னங்கள் பற்றிய மொழிபெயர்ப்பில் சொல்லின் வடிவ ஒப்புமையை மட்டும் நம்புதல் தகாது. சிறப்புப் பெயரை மாற்றாது வைத்து, முதல் வழக்கிலேயே பொருள்விளக்கம் தருவதும், செப்பேட்டுச் சொற்களை அதே காலத்துப் பிற சாசனங்களோடு ஒப்பிட்டுப் பொருள் துணிவதும் இன்றியமையாதன எனலாம்.