நாய் பின்பக்கத்தைத் தரையில் தேய்க்குதா?

களத்துமேட்டில் நெல்லுக்குக் காவல் கிடக்கிற நாய், சில நாள் உட்கார்ந்தபடியே பின்பக்கத்தைத் தரையில் தேய்த்து இழுத்துக்கிட்டே போகும். "பூச்சி மருந்து கொடுங்க" என்பார்கள். பூச்சியாகவும் இருக்கலாம். தெள்ளுப்பூச்சியால் வரும் நாடாப்புழு என்றால், அதன் துண்டுகள் ஆசனவாயைச் சுற்றி அரிசி மாதிரி ஒட்டியிருக்கும். அப்படி எதுவும் இல்லையென்றால் ஆசனவாய்ப் பைகளைக் கவனிக்கணும்.

நாய், பூனை இரண்டுக்கும் ஆசனவாயின் இருபுறமும், கடிகாரத்தில் 4 மணி, 8 மணி இருக்கும் இடத்தில், தோலுக்குள்ளே இரண்டு சிறு பைகள் உண்டு. மீன் கவிச்சி அடிக்கும் நீர் அதில் சேரும். நாய்கள் ஒன்றையொன்று மோந்து அடையாளம் காண உதவுவது இந்த வாடைதான். மலம் கெட்டியாகப் போகும்போது பைகள் அழுந்தி நீர் தானாக வெளியேறும்.

மலம் இளகிக்கொண்டே இருந்தால் அந்த அழுத்தம் கிடைக்காது. நீர் தேங்கி, களிம்பு போல இறுகி, வழி அடைபடும். பிறகு சீழ் பிடித்துக் கட்டி உடையும். ஈ மொய்த்தால் புண்ணில் புழு வைக்கும். அந்த வலியில்தான் வாலைத் தொட்டாலே நாய் சீறுது. குணம் கெட்டுப்போச்சு என்று அடிக்காதீங்க. சிறிய இன நாய்களுக்கும் உடல் பெருத்த நாய்களுக்கும் இது அதிகம் வரும்.

நாம் செய்யக்கூடியவை:

* வெறும் சோறும் பாலும் மட்டும் போடாதீங்க. முட்டை, மீன் (முள் நீக்கி), இறைச்சி சேருங்க.
* வேகவைத்த பரங்கிக்காய் கொஞ்சம் பிசைந்து கொடுத்தால் மலம் கட்டும்.
* வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு நாய்க்கு ஆகாது.
* எப்போதும் கட்டிப்போடாமல், தினமும் ஓடவிடுங்க.
* தெள்ளு, உண்ணி ஏறாமல் பாருங்க. தோல் அரிப்பாலும் இந்தத் தொல்லை வரும்.

பையை நாமே பிதுக்கக் கூடாது. உள்ளே கிழிந்து சீழ் பரவலாம். ஒருபக்கம் சிவந்து வீங்கினாலோ, ரத்தம், சீழ் வந்தாலோ, மலம் கழிக்கும்போது கத்தினாலோ, அன்றைக்கே பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்க. மஞ்சளும் வேப்பெண்ணெயும் மேலே தடவினால் உள்ளே இருக்கும் சீழ் போகாது. மருத்துவர் பையைக் கழுவிவிட்டுத் தரும் மருந்தை, சொன்ன நாள் வரை முழுசா கொடுக்கணும். திரும்பத் திரும்ப வந்தால், நம் டெல்டாவிலேயே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்கே காட்டலாம்.

தேவையில்லாமல் ஊசி, மருந்து போடாததுதான் நம்ம வழி. தேவையான நேரத்தில் தள்ளிப்போட்டு, வாயில்லா ஜீவனை வலியில் விடுவது அந்த வழி இல்லை.